தந்தை பெயர்க் கட்டத்தில் ஒரு தேயிலைக் காடு

என் இடது காலில் கட்டைவிரலுக்குக் கீழே வந்த புண் மூன்று மாதமாகியும் ஆறவில்லை. சர்க்கரை நோயாளிக்கு வருகிற சாதாரணப் புண்தான். டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு, தினமும் கட்டு மாற்றாவிட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார். கோப்பில் கையெழுத்துப் போடுகிறவர் குரலில் அதைச் சொன்னார். அன்றிலிருந்து பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு ஒரு செவிலியப் பெண் காலை ஏழரை மணிக்கு வருகிறாள். பக்கத்துத் தெருவிலுள்ள தனியார் மருத்துவமனையில் அவளுக்கு வேலை. எட்டு மணி ஷிப்டுக்குப் போகும் வழியில் என் காலை முக்காலியில் தூக்கி வைத்து, கட்டைப் பிரித்து, கழுவி, மருந்து வைத்துக் கட்டிவிட்டுப் போவாள். முப்பது வயதிருக்கும். பதமான கை, குறைந்த பேச்சு. மாஞ்சோலை மலையில் பிறந்தவள், தேயிலைத் தோட்டம் மூடப்பட்டு எல்லாரும் இறங்கியபோது அவளுடைய அப்பா அம்மாவும் இறங்கி மணிமுத்தாறு பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறார்கள் என்ற அளவுக்குத்தான் எனக்குத் தெரியும்.

ஒரு நாள் பிளாஸ்திரியை வெடுக்கென்று பிடுங்கினாள். எனக்கு உயிர் போய் வந்தது.

“என்னம்மா, என் மேல என்ன கோவம்?”

“உங்க மேல இல்ல சார். கவர்மென்ட் மேல.”

“ரெண்டும் ஒண்ணுதான். முப்பத்தாறு வருஷம் அங்கனதான் உக்காந்திருந்தேன். சொல்லு.”

சொன்னாள். அரசு மருத்துவமனைச் செவிலியர் வேலைக்குத் தேர்வெழுதியிருந்தாள். பட்டியலினத்தவருக்கான இடத்தில் அவள் பெயர் வந்திருந்தது. பன்னிரண்டு நாளில் சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்பு. பள்ளியில் படிக்கும்போது வாங்கிய சாதிச் சான்றிதழ், மலையிலிருந்து சாமான்களை லாரியில் இறக்கிய அன்று பெய்த மழையில் டிரங்குப் பெட்டியோடு ஊறிக் கூழாகிவிட்டது. புதிதாக வாங்க இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தாள். மனு திரும்பி வந்துவிட்டது.

“எங்க தாத்தா கிறிஸ்தவராம் சார். அதனால எஸ்.சி. சான்றிதழ் தர முடியாதாம்.”

“தாத்தா பேரு என்ன?”

“அப்பா ஆதார்ல ஸ்டான்லின்னு இருக்கு.”

“அப்பக் கிறிஸ்தவர்தானம்மா.”

இதைச் சொன்னவன் நான்தான். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அவள் என் காலைக் கீழே வைத்தாள்.

“ஸ்டான்லி தாத்தா இல்ல சார். ஸ்டான்லி ஒரு காடு.”

மலையில் தேயிலைப் பாத்திகளைக் காடு என்றுதான் சொல்வார்கள். சிலவற்றுக்கு எண், சிலவற்றுக்குப் பெயர். ஸ்டான்லிக் காடு, எந்தக் காலத்திலோ மரங்களை வெட்டித் தள்ளி அந்த இடத்தில் தேயிலை நட்ட ஒரு வெள்ளைக்காரத் துரையின் பெயரில் இருந்தது. அவளுடைய அப்பாவின் பெயர் மலையில் பாதிப் பேருக்கு உண்டு. அடிவாரத்துக் காவல் தெய்வத்தின் பெயர். ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் தோட்டத்து ஆள் கணக்கில், செக்ரோல் என்பார்கள், எந்தக் காட்டு ஆள் என்று பெயருக்கு முன்னால் காட்டின் பெயரைப் போட்டுவிடுவார்கள். அந்தக் காட்டுப் பெயர் எப்படியோ ரேஷன் அட்டையில் தந்தை பெயர்க் கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அட்டையைப் பார்த்து வாக்காளர் அடையாள அட்டை, அதைப் பார்த்து ஆதார். ஒரு தேயிலைக் காட்டுக்கு மகன் பிறந்து, பேத்தியும் பிறந்தாயிற்று.

விதியை நான் விளக்க வேண்டும். பட்டியலினத்தைச் சேர்ந்த ஒருவர் கிறிஸ்தவ மதத்துக்கு மாறினால் அவர் நம் மாநிலத்தில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவார். தெருவில் அவர் சாதி மாறாது. டீக்கடையில் அவரைப் பார்க்கும் கண் மாறாது. சான்றிதழ் மட்டும் மாறும். கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கையை அவள் கைபேசியில் காட்டினாள். ‘மனுதாரரின் பாட்டனார் பெயர் ஸ்டான்லி எனத் தெரியவருவதால் மதம் மாறிய குடும்பம் எனக் கருத இடமுள்ளது.’ கருத இடமுள்ளது. இந்த இரண்டு சொல்லை நான் எத்தனை கோப்பில் எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. விசாரிக்கச் சோம்பல்பட்டவன் விசாரித்ததுபோல் எழுதுவதற்காகவே செய்யப்பட்ட சொற்கள் அவை.

“நேர்ல போய்ச் சொன்னியா?”

“சொன்னேன். சர்ச்சில உறுப்பினர் இல்லன்னு சர்ச்சிலேயே எழுதி வாங்கிட்டு வரச் சொல்லுதாங்க.”

“எந்தச் சர்ச்சில?”

“அத அவங்க சொல்லல சார்.”

எனக்கு வந்த கோபத்தில் சர்க்கரை ஏறியிருக்கும். நான் வருவாய்த்துறையில் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். எந்த மனு எந்த மேசைக்குப் போய் எந்த இழுப்பறையில் தூங்கும் என்பது எனக்கு மனப்பாடம். எல்லாத் தாள்களையும் கொண்டு வா, மூன்று நாளில் முடித்துத் தருகிறேன் என்று சொன்னேன். பெரிய மனிதன் போலச் சொன்னேன்.

மறுநாள் ஒரு பிளாஸ்டிக் கவரில் எல்லாவற்றையும் கொண்டுவந்தாள். அவள் கால் கட்டைப் பிரிக்க, நான் கவரைப் பிரித்தேன். ஆதார் நகல், வாக்காளர் அட்டை, மாற்றுச் சான்றிதழ். அடியில் பழைய குடும்ப அட்டை. டிரங்குப் பெட்டியில் இருந்ததில் மழைக்குத் தப்பியது அது ஒன்றுதான். அரிசி கொடுத்த தேதிகள் அடித்து அடித்து நைந்துபோன அட்டை. முதல் பக்கத்தில் குடும்பத் தலைவர் பெயர். கீழே தந்தை பெயர்: ஸ்டான்லி.

அது என் கையெழுத்து.

சந்தேகமே இல்லை. புள்ளியைப் புள்ளியாக வைக்காமல் சின்ன வட்டமாகச் சுழிப்பேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த அழகுக்காகவே என்னைப் பதிவேடு எழுத வைத்தார்கள்.

நான் சேர்ந்து இரண்டாவது வருடம். மலைக்குப் புதுக் குடும்ப அட்டை எழுத ஒரு முகாம் போட்டார்கள். நானும் இன்னொரு இளநிலை உதவியாளரும் போனோம். கல்லிடைக்குறிச்சியிலிருந்து காலையில் ஏறும் பஸ், மூன்று மணிக்குத் திரும்பும். அதை விட்டால் மலையில் தங்க வேண்டும். குளிர், அட்டைப்பூச்சி. வீடு வீடாகப் போய் விசாரித்து எழுத வேண்டும் என்பது ஆணை. வீடுகளில் யாரும் இல்லை, எல்லாரும் காட்டில் இலை பறித்துக்கொண்டிருந்தார்கள். காட்டுக்குப் போக எங்களுக்கு மனமில்லை. தோட்ட ஆபீசில் உட்கார்ந்து, செக்ரோலை வாங்கி வைத்துக்கொண்டு, அதைப் பார்த்து எழுதினோம். நல்ல தேநீர் கொடுத்தார்கள்.

செக்ரோலில் அவள் அப்பாவின் பெயர் இருந்தது. அவருடைய அப்பன் பெயர் இல்லை. தோட்டத்துக்கு அப்பன் பெயர் எதற்கு? ஆனால் என் படிவத்தில் அந்தக் கட்டம் இருந்தது. காலியாக விட்டால் மேலே திருப்பி அனுப்புவார்கள். பக்கத்தில் நின்ற மேற்பார்வையாளரிடம் இந்த ஸ்டான்லி யார் என்று கேட்டேன்.

“அது காடு சார். ஒரே பேர்ல நாலு பேர் கெடக்கான், எந்தக் காட்டு ஆளுன்னு தெரியணும்லா?”

கேட்டேன், தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டே தந்தை பெயர்க் கட்டத்தில் அதை எழுதினேன். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது, இன்னும் பாதிப் பேர் பாக்கி. அவ்வளவுதான் காரணம். அந்த மனிதனை நான் பார்த்ததுகூட இல்லை.

“என்ன சார், வலிக்கா?” என்றாள் அவள்.

“இல்ல” என்றேன். அட்டையைக் கவருக்குள் திரும்ப வைத்தேன்.

அன்று சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். எழுதியவன் வந்து நான்தான் எழுதினேன், தவறாக எழுதினேன் என்று உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால் வேறு எந்த ஆதாரமும் தேவையில்லை. நடைமுறை தெரிந்த எனக்கே அது தெரியும். ஆனால் நடைமுறை தெரிந்தவனுக்குத்தான் சுற்றுவழியும் தெரியும். ஸ்டான்லி என்பது மதத்தின் பெயரே அல்ல என்று நிரூபித்துவிட்டால், அதை எழுதியது யார் என்ற கேள்வியே எழாது அல்லவா?

ஆட்டோ பிடித்து நூலகத்துக்குப் போனேன். ஆங்கிலக் குடும்பப் பெயர்களுக்கான தடித்த அகராதி ஒன்று மேல் தட்டில் தூசியோடு இருந்தது. இரண்டு நாள் அங்கேயே கிடந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அது பிடித்துப் போயிற்று.

ஸ்டான்லி முதலில் ஆளின் பெயரே இல்லை, ஊரின் பெயர். இங்கிலாந்தில் அந்தப் பெயரில் ஓர் ஊர் அல்ல, பல ஊர்கள். பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்டான்’ என்றால் கல். ‘லேயா’ என்றால் காட்டை வெட்டித் திருத்திய வெளி. நம் பக்கத்தில் திருத்து என்று முடிகிற ஊர்கள் இருக்கின்றனவே, அதே கதைதான். கல்லுத்திருத்து என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஊரை விட்டு வேறு ஊருக்குப் போனவனைப் புது ஊர்க்காரர்கள் பழைய ஊரின் பெயரால் அழைத்தார்கள். அவன் பிள்ளைகளுக்கும் அது ஒட்டிக்கொண்டு குடும்பப் பெயர் ஆயிற்று. எழுதினவன் கைக்குத் தோன்றியபடி ஸ்டான்லே, ஸ்டான்லெக், ஸ்டாண்ட்லி என்று ஏடுகளில் உருமாறிக்கொண்டே வந்து ஒருவழியாக நிலைத்தது. அப்படி ஒருவன் கப்பலேறி வந்து நம் மலையில் காட்டை வெட்டினான். அவன் ஊரின் பெயர் காட்டுக்கு வந்தது. மலைக்குக் கீழே திருநெல்வேலியில் அதே பெயரை ஞானஸ்நானத்தில் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். என்னோடு வேலை பார்த்தவர்களிலேயே அந்தப் பெயர்க்காரர் இரண்டு பேர். தாங்கள் ஓர் இங்கிலாந்துக் கிராமத்தின் பெயரைச் சுமப்பது அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

என் பெயருக்கு முன்னாலும் இரண்டு எழுத்து உண்டு. முதலெழுத்து எங்கள் ஊர், தாமிரபரணிக் கரையில் நாங்கள் ஒரு காலத்தில் வயல் வைத்திருந்த ஊர். என் எழுபது வருட வாழ்க்கையில் அந்த ஊரை என் தாத்தா என்று எந்த அதிகாரியும் எடுத்துக்கொண்டதில்லை. என் தாத்தா பெயர் என்ன, அவர் எந்தக் கோயிலுக்குப் போனார் என்றும் எவரும் கேட்டதில்லை. எங்களைப் போன்றவர்கள் சொன்னால் போதும், எழுதிக்கொள்வார்கள். இதையும் மனுவில் எழுதினேன். நான்கு பக்கம். ஊர்ப் பெயர் வரலாறு, அகராதிப் பக்கத்தின் நகல், மத மாற்றத்துக்கு ஆதாரம் காட்டும் பொறுப்பு யாருடையது என்பது பற்றி ஒரு பத்தி. எல்லாம் இருந்தது. ஒன்றைத் தவிர.

இதற்கிடையில் ஒரு நாள் காலை, கட்டு மாற்றிக்கொண்டே அவள் சொன்னாள். “சர்ச்சுக்குப் போயிட்டு வந்தேன் சார்.”

“எதுக்கு?”

“அவங்கதான கேட்டாங்க. மணிமுத்தாறு போற வழியில இருக்குற சர்ச்சு. பாதிரி ஐயர் நல்ல மனுஷன், உக்கார வச்சுத் தண்ணி குடுத்தாரு. நான் இங்க உறுப்பினர் இல்லன்னு எழுதித் தாங்கன்னேன். அவருக்கு ஒண்ணும் வெளங்கல. ‘இருக்குறவங்களுக்கு எழுதித் தரலாம்மா. இல்லாதவங்களுக்கு எழுத ஆரம்பிச்சா நான் ஊர் பூராவுக்குல்லா எழுதணும்’ங்காரு.” அவள் சிரித்தாள். “போகையில ஜெபம் பண்ணட்டுமான்னு கேட்டாரு. பண்ணுங்கன்னேன். யாராவது பண்ணட்டும்.”

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மனுவோடு தாலுகா அலுவலகத்துக்குப் போனேன். சாதிச் சான்றிதழ்களைப் பார்க்கும் துணை வட்டாட்சியர் ஒரு காலத்தில் எனக்குக் கீழே தட்டச்சராக இருந்தவர். எழுந்து நின்று வரவேற்றார்.

“அண்ணாச்சி, வாங்க வாங்க. காலு எப்படி இருக்கு? டீ சொல்லட்டா, சீனி இல்லாம?”

நான்கு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார். “கல்லுத்திருத்து! நல்லா இருக்கு அண்ணாச்சி. இத நீங்க புஸ்தகமாப் போடலாம்.”

“இது புஸ்தகம் இல்லவே. மனு.”

“சரி, ஸ்டான்லிங்கது ஊரு. ஒத்துக்கிடுதேன். அந்த ஊரு எந்த வட்டத்துல வருது?”

“இங்கிலாந்துல.”

“அப்ப அந்தப் பிள்ள தாத்தா இங்கிலாந்துக்காரரா? விஷயம் இன்னும்லா மோசமாப் போகுது!”

பக்கத்து மேசைகளில் சிரித்தார்கள். இருபது வருடத்துக்கு முன்னால் இதே அறையில் இதே போல எவனோ ஒரு மனுக்காரனைப் பார்த்து நானும் சிரித்திருக்கிறேன். அப்போது அது நன்றாக இருந்தது.

சிரித்து முடித்து அவர் குரலைத் தாழ்த்தினார். “கோவிச்சுக்கிடாதீங்க. நீங்க சொல்லுதது எல்லாம் சரின்னு எனக்கே படுது. ஆனா ஃபைல்ல ஒரு கேள்விக்குப் பதில் இல்ல. அப்பன் பேர் எழுதுற எடத்துல காட்டுப் பேர எவன் எழுதினான்? எழுதினவனே வந்து ஒரு பக்கம் எழுதிக் குடுத்தா, அன்னைக்கே தாசில்தார் மேடம்கிட்ட கையெழுத்து வாங்கித் தந்துருதேன். அவன் இப்ப எங்கன கெடக்கானோ, செத்துட்டானோ.”

டீ வந்திருந்தது. குடித்து முடித்தேன். அவன் இங்கனதான் இருக்கான், சீனி இல்லாத டீ குடிக்கான் என்று சொல்ல வாய் வரவில்லை. வாசலுக்கு வந்து ஆட்டோவில் ஏறிய பிறகு அவரை, கிராம நிர்வாக அலுவலரை, இ-சேவை மையத்தை, ஆதாரை, செத்துப்போன துரையை என்று வரிசையாகத் திட்டினேன். ஆட்டோக்காரர் மேலப்பாளையத்து ஆள். கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தவர், “யார அண்ணாச்சி இந்த ஏச்சு ஏசுதிய?” என்றார். வரிசையில் ஓர் ஆளை நான் விட்டுக்கொண்டே வந்தேன் என்பது அவருக்குத் தெரியாது.

மறுநாள் காலை அவள் வந்தாள். கட்டைப் பிரித்து, புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன்.

“அந்த ரேஷன் அட்டையில இருக்கது என் எழுத்தும்மா.”

“எந்த அட்டை?”

“உங்க அப்பா அட்டை. ஸ்டான்லின்னு எழுதினது நான். காடுன்னு தெரிஞ்சேதான் எழுதினேன்.”

அவள் கை நிற்கவில்லை. மருந்தைத் தடவி, பஞ்சு வைத்து, துணியைச் சுற்றத் தொடங்கினாள். இரண்டு சுற்று சுற்றியபின் கேட்டாள்.

“எப்பத் தெரியும் உங்களுக்கு?”

“நீ கவர் கொண்டுவந்த அன்னைக்கே.”

“இன்னைக்கு எத்தனாவது நாள் சார்?”

“ஆறு.”

“நான் மூணு நாள் லீவு போட்டேன். சர்ச் வாசல்ல போய் நின்னேன். வி.ஏ.ஓ. ஆபீஸ்ல போய் நின்னேன். ஒங்க கிட்ட வந்து அதச் சொல்லிட்டும் இருந்தேன். நீங்க கேட்டுட்டு இருந்தீங்க.” முடிச்சைப் போட்டாள். இறுக்கமாகவும் இல்லை, தளர்வாகவும் இல்லை, எப்போதும் போலவே சரியாக இருந்தது. “இந்த ஆறு நாள்ல ஒங்க காலுக்கு ஒரு நாள் வராம இருந்திருக்கேனா?”

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து, “அஞ்சு நாள்தான் இருக்கு. என்ன எழுதணும், எங்க எழுதணும், சொல்லுங்க” என்றாள்.

அன்று மதியமே வாடகைக் காரில் மணிமுத்தாறுக்குப் போனோம். உறுதிமொழியில் ஸ்டான்லியை அடித்தால் போதாது, அந்த இடத்தில் சரியான பெயரை எழுத வேண்டும். அதற்கு அவள் அப்பாவின் வாக்குமூலமும் வேண்டும். ஒற்றை அறை வீடு. அவர் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது இளையவராக இருப்பார், பார்த்தால் மூத்தவராகத் தெரிந்தார். நான் யார் என்று மகள் சொன்னாள். அவர் எழுந்து நிற்கப் பார்த்தார். நான் பிடித்து உட்கார வைத்தேன்.

நாற்பது வருடத்துக்கு முன் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். “உங்க அப்பா பேரு என்ன?”

அவர் மகளைப் பார்த்தார். “எதுக்குட்டி கேக்காவ?”

“சொல்லுங்கப்பா. எழுதணும்.”

சொன்னார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது அவர்களுடையது. ஒருமுறை நான் கைவைத்ததே போதும். நான் உறுதிமொழித் தாளில் எழுதிக்கொண்டிருந்தபோது அவர் தானாகப் பேசினார்.

“எங்கப்பா அந்தக் காட்டுல இருவது வருஷம் தேயிலைச் செடியக் கவ்வாத்து வெட்டினாரு ஐயா. அந்தத் தொர கறுப்பா செவப்பான்னுகூட எங்களுக்குத் தெரியாது. அவர எங்கப்பனா ஆக்கிட்டிய. ரேஷன் கடையில ஆள் கூப்பிடுதான், ‘ஏலே ஸ்டான்லி மவனே, தொர பெத்த மவனே, வந்து அரிசிய வாங்கிட்டுப் போலே’ன்னு. எல்லாரும் சிரிப்பான். நானும் சிரிப்பேன். அரிசி வாங்கணும்லா?”

“மாத்தச் சொல்லி வந்திருக்கலாமே” என்றேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. பழக்கம்.

“வந்தேன். தாலுகா ஆபீசுக்கு. நாளைக்கு வான்னாங்க. நாளைக்கு வரணும்னா நான் மலை ஏறி எறங்கணும், ரெண்டு நாள் கூலி போவும். மறுபடியும் ஒரு தடவ வந்தேன். அப்பயும் நாளைக்கு வான்னாங்க.” கொஞ்சம் யோசித்தார். “நாளைக்கு வான்னு சொன்னது நீங்களா இருக்காது. அவருக்கு மீசை உண்டு.”

எனக்கு அந்தக் காலத்தில் மீசை இருந்தது. அவர் சொன்னது என்னையா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள எந்தப் பதிவேடும் இல்லை.

மறுநாள் தாலுகா அலுவலகத்தில் உறுதிமொழியைக் கொடுத்தேன். ஒன்றரைப் பக்கம். ஆணைப்படி வீட்டு விசாரணை செய்யவில்லை, செக்ரோலைப் பார்த்து எழுதினேன், காட்டின் பெயர் என்று தெரிந்தே தந்தை பெயரிடத்தில் எழுதினேன். கல்லுத்திருத்து பற்றி ஒரு சொல் இல்லை. துணை வட்டாட்சியர் படித்துவிட்டு முதல்முறையாகச் சிரிக்காமல் இருந்தார். பிறகு என்னைத் தேற்றுவதாக நினைத்து, “ஒங்களுக்கு ஒண்ணும் வராது அண்ணாச்சி. ஓய்வு பெற்ற ஆளு மேல நாலு வருஷத்துக்கு மேல பழசான விஷயத்துக்கு நடவடிக்கை எடுக்க விதியில எடமில்ல” என்றார்.

“எனக்குத் தெரியும்வே” என்று கத்தினேன். அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. “விதி எனக்குத் தெரியும். அந்த மனுஷன் நாப்பது வருஷம் ஏச்சு வாங்கினதுக்கு விதியில எங்கன எடமிருக்கு, அதச் சொல்லும்.”

அவர் கோப்பை எடுத்துக்கொண்டு வட்டாட்சியர் அறைக்குள் போனார். அன்று மாலை ஐந்தரை மணிக்கு அவளுடைய கைபேசிக்குச் சான்றிதழ் வந்தது. ஒரு வாரம் இழுத்த பிரச்சினைக்கு உண்மையில் தேவைப்பட்டது ஒரு பகல்.

அவள் சென்னைக்குப் போய் வந்தாள். சரிபார்ப்பு முடிந்தது, பெயர் நின்றது, நியமன ஆணை வர வேண்டும். போயிருந்த இரண்டு நாளும் வேறு ஒரு பெண்ணை என் கட்டுக்கு அனுப்பியிருந்தாள். அதையும் அவள் மறக்கவில்லை.

திரும்பி வந்த அன்று முக்காலியில் என் காலைத் தூக்கி வைப்பதற்கு முன்னால், பையிலிருந்து ஐந்து பிளாஸ்டிக் கவர்களை எடுத்து என் மடியில் வைத்தாள்.

“என்னம்மா இது?”

“மலையில இருந்தவங்கதான். கீழ ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு எடத்துல இருக்காங்க, போன் பண்ணி வாங்கினேன். எல்லாருக்கும் அப்பா பேர்ல காடு இருக்கு. இவங்க பிள்ளைங்களும் நாளைக்கு எங்கயாவது போய் நிக்கும்.” பிளாஸ்திரியை ஓரத்திலிருந்து பையப் பிரித்தாள். “பாருங்க.”

பார்த்தேன். மூன்று என் எழுத்து. அவற்றில் ஸ்டான்லி போக இன்னும் இரண்டு வெள்ளைக்காரப் பெயர்கள், அவையும் எந்தெந்த ஊர்களோ. மற்ற இரண்டு அட்டைகளைத் தனியாக எடுத்து வைத்தேன்.

“இது ரெண்டும் நான் எழுதினதில்ல.”

“நீங்க எழுதலன்னா, யார் எழுதினதுன்னு தெரியும்லா?”

தெரியும். அன்று என்னோடு பஸ்ஸில் வந்தவர். அதே மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து அதே தேநீரைக் குடித்தவர். இப்போது வண்ணார்பேட்டையில் மாடி வீடு கட்டி ஓய்வூதியர்கள் கூட்டங்களில் ஊழலைப் பற்றி நன்றாகப் பேசிக்கொண்டிருக்கிறார். அவள் கட்டு மாற்றிக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் போன் போட்டேன். சொன்னேன். எதிர்முனையில் அவர் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தார்.

“அது எந்தக் காலத்துக் கத. இப்ப எதுக்குவே அதெல்லாம்?”

“ரெண்டு அட்டை உம்ம எழுத்து.”

“எனக்கு ஞாபகமே இல்லவே. கண்ணு வேற ஆபரேஷன் பண்ணியிருக்கு. நீரே எழுதிக் குடுத்துரும், எல்லாம் ஒண்ணுதான.”

அவள் என் காலைப் பிடித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். போனில் அவர் சொன்னது அவளுக்கும் கேட்டிருக்கும்.

“உம்ம எழுத்த நான் எழுத முடியாது” என்றேன். “நாளைக்குப் பத்து மணிக்கு வாரேன். கூட இவளும் வருவா. கண்ணு தெரியலன்னா அவ படிச்சுக் காட்டுவா. முத்திரைத் தாள் நான் வாங்கிட்டு வாரேன், நீரு பேனா மட்டும் எடுத்து வையும்.”